உலக நியூஸ நம்ம பீஸ் ரேட்டா மாத்தி படிக்கிறது எப்படி

2025 ஆகஸ்ட்ல திருப்பூர்ல எங்க பனியன் தையல் யூனிட்ல ஞாயித்துக்கிழமை கூட மெஷின் நிக்கல. பவர் டேபிள்னு சொல்ற தையல் மெஷின் 18ம் ஓடுது, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் லைட் எரியுது, கட்டிங் மாஸ்டர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு கூட போகல. டெய்லருங்க எல்லாம் சந்தோசமா இருந்தாங்க, ஒன்றரை ஷிப்ட் சம்பளம் வருதில்ல. எனக்கு மட்டும் வயித்துல என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அந்த லாட் அத்தனையும் அமெரிக்கா போற சரக்கு, அமெரிக்கா வரி ஏறுற 27ஆம் தேதிக்கு முன்னாடி கப்பல் ஏறணும்னு கம்பெனில இருந்து தினம் நாலு போன். செப்டம்பர் ரெண்டாவது வாரம் கட்டிங் பண்டல் கொண்டு வர்ற வண்டி வரல. அடுத்த வாரமும் வரல. 18 மெஷின்ல 7 ஓடுச்சு.

அந்த அவசரம்தான் சிக்னல், அத நாங்க நல்ல காலம்னு எடுத்துக்கிட்டோம். வரி வர்றதுக்கு முன்னாடி சரக்க உள்ள தள்ளிடணும்னு பையர், அதாவது அங்க சரக்கு வாங்கறவன், ஓடுறான், நாலு மாசத்துக்கு வாங்க வேண்டியத ஒன்றரை மாசத்துல வாங்கி வெச்சுக்கறான், அப்புறம் அவன் குடோன் காலியாகற வரைக்கும் நமக்கு வேலை கிடையாது. இது புரிஞ்சிருந்தா அந்த ஓவர்டைம் காசுல ரெண்டு மாச மெஷின் டியூ எடுத்து வெச்சிருப்பேன், புது பேட்லாக் தையல் மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்க மாட்டேன்.

திருப்பூர்ல இருந்து வருசத்துக்கு சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு சரக்கு வெளிநாடு போகுது, இந்தியாவோட பின்னலாடை ஏத்துமதில பாதிக்கும் மேல இந்த ஒரு ஊரு. ஆனா பெரிய எக்ஸ்போர்ட்டர்கிட்ட ஆடிட்டர் இருக்காரு, பேங்க் மேனேஜர் கூப்பிட்டு சொல்றாரு, பையர் நேரா மெயில் போடுறான். நிட்டிங் ஓட்டறவங்களுக்கும், சாயப்பட்டறைக்காரங்களுக்கும், கம்பெனி துணிய வாங்கி கூலிக்கு ஜாப் ஒர்க் தைக்கிற நமக்கும் விசயம் கடைசியாத்தான் வருது, அதுவும் வண்டி வராம நிக்கும்போதுதான் தெரியுது. நானும் பத்து வருசமா ஒரு கோடு போட்ட நோட்டு வெச்சு நியூஸ எல்லாம் நம்ம ஊர் கணக்கா மாத்தி எழுதி பழகிட்டு வர்றேன், சில தடவை தப்பியிருக்கேன், சில தடவை மாட்டியிருக்கேன், அந்த முறைய அப்படியே சொல்றேன். நம்பரு மாறிக்கிட்டே இருக்கும், இன்னிக்கு இருக்கற வரி நாளைக்கு இருக்காது, கணக்கு போடுற விதம் மாறாது.

வரி நியூஸ் வந்தா மூணு நம்பர் எழுதுங்க

"இந்தியாவுக்கு 50% வரி"னு டிவில ஓடுனப்ப எல்லாரும் அந்த 50அ புடிச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு நம்பர வெச்சு நமக்கு ஒன்னும் தெரியாதுங்க.

மொத நம்பர், ஏற்கனவே இருக்கற வரி. காட்டன் நிட்டட் டி-சர்ட்டுக்கு அமெரிக்கால எப்பவுமே 16.5% வரி உண்டு, அதே டி-சர்ட் பாலியஸ்டர்ல போனா 32%. புது வரி இதுக்கு பதிலா வரல, இதுக்கு மேல வந்துச்சு. அப்ப காட்டன் டி-சர்ட்டுக்கு மொத்தம் 66.5%.

ரெண்டாவது நம்பர், நம்ம எதிர்க்கடைக்காரனுக்கு எவ்வளவு. இதுதான் உயிர். எல்லாருக்கும் 50 போட்டிருந்தா அமெரிக்காக்காரன் டி-சர்ட் விலைய ஏத்தி வித்துட்டு போயிருப்பான், நமக்கு கொஞ்சம் ஆர்டர் குறையும் அவ்வளவுதான். ஆனா அந்த ஆகஸ்ட்ல வங்கதேசத்துக்கு 20, வியட்நாமுக்கு 20, இலங்கைக்கு 20, பாகிஸ்தானுக்கும் இந்தோனேசியாவுக்கும் 19. நமக்கு மட்டும் 25ஓட இன்னொரு 25, ரஷ்யாகிட்ட கச்சா எண்ணெய் வாங்கறோம்னு. எங்கியோ உக்ரைன்ல சண்டை, எண்ணெய் வாங்குனது யாரோ, தண்டம் கட்டுனது பனியன்.

மூணாவது தேதி. ஏப்ரல் 2ல 26%னு மொதல்ல அறிவிச்சாங்க, அப்புறம் தள்ளி வெச்சாங்க, ஆகஸ்ட் 7ல 25 ஆச்சு, 27ல 50 ஆச்சு. அறிவிக்கிற தேதி, கையெழுத்தாகற தேதி, அமலுக்கு வர்ற தேதி மூணும் வேற வேற, அத நோட்டுல தனித்தனி கட்டத்துல எழுதணும். 2025 ஜூலை 24ல இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் கையெழுத்து போட்டப்ப எங்க லைன்ல ஒருத்தர் அடுத்த மாசமே லண்டன் ஆர்டர் கொட்டும்னு ஆள் எடுத்தாரு. அப்ப கையெழுத்துதான் ஆச்சு, அவங்க பார்லிமென்ட் ஒத்துக்க வேண்டியிருந்துச்சு, அப்புறம்தான் வரி பூஜ்யம் ஆகும். எடுத்த ஆளுக்கு வேலை குடுக்க முடியாம தவிச்சாரு.

இப்ப மூணு நம்பரையும் வெச்சு கணக்கு போடலாம். ஒரு டி-சர்ட்ட 3 டாலருக்கு கப்பல் ஏத்தறோம்னு வெச்சுக்கோங்க. அப்ப இருந்த 66.5%ல நம்ம சரக்குக்கு அங்க வரி 2 டாலர், இறங்குற விலை 5 டாலர். அதே 3 டாலர் சரக்கு வங்கதேசத்துல இருந்து போனா 16.5ம் 20ம் சேத்து 36.5%, வரி 1 டாலர் 10 சென்ட், இறங்குற விலை 4.10. ஒரு பீஸுக்கு 90 சென்ட் வித்தியாசம். பையர் என்ன கேப்பான்? நீயும் 4.10க்கு இறக்குனு கேப்பான். அதுக்கு நாம 3 டாலர்ல இருந்து 2.46க்கு வரணும், அதாவது 54 சென்ட் குறைக்கணும். அப்ப டாலர் 87 ரூபாய் பக்கம், 54 சென்ட்னா பீஸுக்கு 47 ரூபாய்.

அந்த 47 ரூபாய் யாரு பாக்கெட்ல இருந்து வரும்

இந்த எடத்துலதான் நெறைய பேரு நிறுத்திக்கறாங்க, இங்கதான் ஆரம்பிக்கணும்.

3 டாலர்னா 261 ரூபாய். ஒரு சாதா காஸ்டிங் ஷீட், அதாவது செலவு கணக்கு, மாதிரி பிரிச்சு பாக்கலாம், உதாரணத்துக்குத்தான், உங்க கம்பெனி கணக்க நீங்க போட்டுக்கோங்க. துணி, அதாவது நூல் நிட்டிங் டையிங் காம்பாக்டிங் எல்லாம் சேத்து 125. கட்டிங்ல இருந்து தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரைக்கும் 55. பிரிண்ட் 20. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 15. லாரி, தூத்துக்குடி கிளியரிங் செலவு 8. ஆபீஸ் செலவு, பேங்க் வட்டி 20. மிச்சம் 18 ரூபாய் எக்ஸ்போர்ட்டரோட லாபம்.

47 குறைக்கணும், லாபமே 18தான். அந்த 18அயும் அவரு விட்டுட்டாரு, மீதி 29 எங்க இருந்து வரும்? நூல் மில்லுக்காரங்க விலை குறைக்க மாட்டாங்க, அவங்களுக்கு பஞ்சு விலை கையில இல்ல. சாயப்பட்டறைல சுத்திகரிப்பு செலவு கட்டாயம், அதுல கைய வெக்க முடியாது. பேங்க் வட்டிய குறைக்காது, போர்ட்டுலயும் குறைக்க மாட்டாங்க. பேசி குறைக்க முடியறது ரெண்டே ரெண்டு எடம், தையல் 55ம் பிரிண்ட் 20ம். அதனாலதான் வாஷிங்டன்ல ஒரு கையெழுத்து போட்டா திருப்பூர் ராயபுரத்துல ஒரு ஓவர்லாக் டெய்லருக்கு பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸ் தைக்கற கூலி, குறையுது. யாரும் கெட்டவங்க இல்ல, சங்கிலில யாருக்கு எழுத்துல ஒப்பந்தம் இல்லையோ அவங்க தலைல போய் நிக்குது.

அதனால செய்ய வேண்டியது இது. உங்களுக்கு வேலை குடுக்கற கம்பெனிகிட்ட ஒவ்வொரு லாட் வரும்போதும் கேளுங்க, "அண்ணா இது எந்த நாட்டுக்கு போகுதுங்க?" சொல்ல தயங்குனா அட்டைப்பெட்டி மேல ஒட்ற ஸ்டிக்கர்லயே இருக்கும், வாஷ்கேர் லேபிள்ல எந்த மொழி இருக்குனு பாத்தா கூட தெரிஞ்சுரும். நாலே மாசம் எழுதிக்கிட்டு வந்தா உங்க வேலைல எத்தனை பங்கு அமெரிக்கா, எத்தனை ஐரோப்பா, எத்தனை உள்நாடுன்னு நம்பர் கையில நிக்கும். எனக்கு எழுதி பாத்தப்பதான் தெரிஞ்சுது, நாலு கம்பெனிகிட்ட வேலை வாங்கறேன், பாதுகாப்பா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், நாலு பேருமே அமெரிக்கா. நாலு கம்பெனி இருந்தும் ஒரே கூடைதான். இப்ப வாரத்துல ரெண்டு நாள் வேலையாவது காதர்பேட்டை உள்நாட்டு சரக்கா இருக்கற மாதிரி பாத்துக்கறேன், ரேட் கம்மிதான், ஆனா டிரம்ப் என்ன பேசுனாலும் மதுரைக்காரங்க பனியன் போடாம இருக்க மாட்டாங்க.

இன்னொன்னு, உத்யம்னு மத்திய அரசோட சிறு தொழில் பதிவு இல்லாதவங்க இந்த வாரமே போடுங்க, காசு இல்லாம ஆன்லைன்ல முடிஞ்சுரும். குறு சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கலனா குடுக்க வேண்டியவங்களுக்கு அந்த செலவ அந்த வருச வருமான வரி கணக்குல கழிக்க முடியாதுன்னு வருமான வரி சட்டத்துல 43பி(ஹெச்)னு ஒரு பிரிவு 2024ல நடப்புக்கு வந்துச்சு, எழுத்துல ஒப்பந்தம் இல்லனா 15 நாள்தான் கெடு. கெட்ட காலம் வரும்போது மொதல்ல நிக்கறது ஜாப் ஒர்க் பில்லுதான், அப்ப பில்லு மேல உத்யம் நம்பர் இருந்தா கேக்கறதுக்கு ஒரு பிடி இருக்கும். 2022ல எனக்கு ஒரு எடத்துல ஏழு மாசம் பணம் நின்னுச்சு, என்கிட்ட வெறும் துண்டு சீட்டுதான் இருந்துச்சு.

பஞ்சு: நியூயார்க் விலைய கண்டிக்கு மாத்தறது

உலக மார்க்கெட்ல பஞ்சு ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட்னு ஓடும், நம்ம ஊர்ல ஒரு கண்டிக்கு இத்தனை ரூபாய்னு ஓடும், கண்டின்னா 356 கிலோ. பவுண்டுன்னா 453.6 கிராம். இப்ப 70 சென்ட்னு வெச்சுக்கோங்க, 0.4536ல வகுத்தா கிலோ ஒன்னுக்கு 1.54 டாலர், டாலர் 88னா கிலோ 136 ரூபாய், 356ல பெருக்குனா கண்டி சுமார் 48,300. போன்ல கால்குலேட்டர் இருக்கு, அரை நிமிசம்.

இத உள்நாட்டு விலையோட பக்கத்துல எழுதி வையுங்க. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம் இருக்குனு பாத்தா அதுக்குள்ளதான் அரசியல் இருக்கும். 2021 பட்ஜெட்ல இறக்குமதி பஞ்சுக்கு 11% வரி போட்டாங்க, அப்ப அந்த 48,300 இங்க இறங்கும்போது 53,000 தாண்டிரும், கப்பல் வாடகை தனி. மறுபக்கம் மகாராஷ்டிராலயும் குஜராத்லயும் தெலங்கானாலயும் பஞ்சு போடுற விவசாயிக்கு அரசு ஆதார விலை இருக்கு, அதுக்கு கீழ போனா காட்டன் கார்ப்பரேசன் வாங்கும். பனியன் கம்பெனிக்காரன் வரிய எடுங்கன்னு கேப்பான், விவசாயி எடுக்காதீங்கன்னு கேப்பாரு. ரெண்டு பேரு கேக்கறதுலயும் நியாயம் இருக்குங்க, நான் நூல் வாங்கற பக்கம் இருக்கறதால விவசாயி கடன் எனக்கு தெரியாம போயிரக் கூடாது. ஆனா கணக்கு போடறவன் ஒன்னு பாத்துக்கணும், எலெக்சன் பக்கத்துல இருக்கா, எந்த மாநிலத்துல, அறுவடை எப்ப. அக்டோபர்ல புது பஞ்சு வர ஆரம்பிக்கும்போது வரிய எடுக்க எந்த அரசும் யோசிக்கும். 2022 ஏப்ரல்ல எடுத்தாங்க, 2025 ஆகஸ்ட்ல எடுத்தாங்க, ரெண்டு தடவையும் அறுவடைக்கு முன்னாடி மாசங்க, ரெண்டு தடவையும் தொழில் கழுத்து வரைக்கும் முங்குனதுக்கு அப்புறம்தான்.

2022 எனக்கு மறக்காது. ஜனவரில ஒரு சின்ன ஆர்டர நேரா எடுத்தேன், எட்டாயிரம் பீஸ், சின்ன புள்ளைங்க பைஜாமா செட்டு, விலைய பேசி கையெழுத்து போட்டுட்டேன். நூல மொத்தமா வாங்கி வெக்கல, பாதிதான் வாங்குனேன், மீதிய மார்ச்ல வாங்கிக்கலாம்னு. மில்லுங்க மாசா மாசம் விலைய ஏத்திக்கிட்டே போச்சு, மே மாசம் பஞ்சு கண்டி ஒரு லட்சம் தாண்டுச்சு, ஊரே ரெண்டு நாள் கடைய அடைச்சு ஸ்ட்ரைக் பண்ணுச்சு. கோம்ப்டு நூல், அதாவது பஞ்ச சீவி எடுத்த நூல், ஒரு கிலோ எடுக்க ஒன்னேகால் கிலோவுக்கு மேல பஞ்சு போகும், அதனால பஞ்சு ஏறுறத விட நூல் வேகமா ஏறும், இது எனக்கு அப்ப உறைக்கல. ஆர்டர முடிச்சு குடுத்தேன், வீட்டுக்காரம்மா வளையல் போச்சு.

அதுல இருந்து ஒரே விதி. விலை பேசுன அன்னிக்கே நூல் புக் பண்ண முடியலனா அந்த ஆர்டர எடுக்கறதில்ல, இல்லனா கோட்டேசன்ல இந்த விலை இத்தனை நாளைக்குத்தான்னு எழுதிடறேன்.

பஞ்சு எங்க விளைஞ்சதுங்கறதும் இப்ப அரசியல்தான். சீனாவோட சின்ஜியாங்ல உலக பஞ்சுல அஞ்சுல ஒரு பங்கு விளையுது, அங்க உய்குர் மக்கள கட்டாயப்படுத்தி வேலை வாங்கறாங்கன்னு அமெரிக்கா சட்டம் போட்டு 2022 ஜூன்ல இருந்து அந்த பஞ்சு கலந்த துணி எதையும் உள்ள விடறதில்ல. இது நமக்கு ஆர்டரா வந்துச்சு, கூடவே பேப்பரா வந்துச்சு. நூல் பில்லு, லாட் நம்பர், எந்த ஜின்னிங் மில்லுல, அதாவது பஞ்சுல கொட்டை பிரிக்கற மில்லுல, இருந்து பஞ்சு வந்துச்சு எல்லாம் கேக்கறாங்க. ஜாப் ஒர்க் பண்றவங்க கூட எந்த லாட் துணி எந்த ரேக்ல இருந்துச்சுனு எழுதி வெக்க பழகுங்க, அது இருக்கற யூனிட்டுக்கு ஆடிட்ல வேலை நிக்காது.

டாலர்

டாலர் ஏறுனா எக்ஸ்போர்ட்டுக்கு நல்லதுன்னு டிவில சொல்லுவாங்க. 2011ல 45 ரூபாய் பக்கம் இருந்துச்சு, 2013 ஆகஸ்ட்ல 68ஐ தொட்டுச்சு, 2022ல 80 தாண்டுச்சு, 2025 டிசம்பர்ல 90. பதினாலு வருசத்துல ரெட்டிப்பு. நம்ம தையல் ரேட் டாலர் மாதிரி ரெட்டிப்பாச்சா, யோசிச்சு பாருங்க. பையருக்கும் கால்குலேட்டர் தெரியும், ரூபாய் சரிஞ்ச மூணாவது மாசம் டிஸ்கவுண்ட் கேப்பான். சாயத்துக்கு வேண்டிய கெமிக்கல், மெஷின் ஸ்பேர், டீசல் எல்லாம் கூடவே ஏறும். நேரா ஏத்துமதி பண்றவங்க ஆர்டர் எடுக்கும்போதே பேங்க்ல பார்வர்ட், அதாவது பின்னால வர்ற டாலருக்கு இன்னிக்கே ரேட் பேசற ஒப்பந்தம், போட்டு ரேட்ட கட்டிக்கோங்க, இன்னும் ஏறும்னு காத்திருக்கறது பனியன் தொழில் இல்ல, அது வேற தொழில்.

பக்கத்து நாட்டுல நெருப்பு புடிச்சா

2024 ஆகஸ்ட் 5ல வங்கதேச பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா டாக்காவ விட்டு கெளம்புன அன்னிக்கு சாயங்காலம் எங்க வாட்ஸப் குரூப்புல வங்கதேச ஆர்டர் எல்லாம் இனி திருப்பூருக்குத்தான்னு ஒரே பேச்சு. அது நடக்கற வேகம் வேற. பையர் மொதல்ல விசாரிப்பான், சாம்பிள் கேப்பான், பேக்டரி ஆடிட் அனுப்புவான், ஒரு சின்ன டிரையல் ஆர்டர் குடுப்பான், ஆறு மாசம் ஆயிரும் சரக்கு ஓடுறதுக்கு. அதுக்குள்ள அங்க சரியாயிட்டா திரும்ப போயிருவான், ஏன்னா அவங்க வளந்ததுக்கு காரணம் குறைஞ்ச சம்பளம் மட்டும் இல்ல. 1974ல இருந்து 2004 முடியற வரைக்கும் எந்த நாடு எவ்வளவு துணி பணக்கார நாடுகளுக்கு அனுப்பலாம்னு கோட்டா இருந்துச்சு, 2005 ஜனவரி 1ல அது போச்சு. அதுக்கு முன்னாடியே 2001ல ஐரோப்பா ரொம்ப ஏழை நாடுங்களுக்கு ஆயுதம் தவிர எல்லாத்துக்கும் வரி இல்லன்னு கதவ தொறந்துடுச்சு, வங்கதேசம் அந்த கதவு வழியா போச்சு. நாம அதே டி-சர்ட்டுக்கு 9ல இருந்து 12% வரைக்கும் கட்டிக்கிட்டு போட்டி போட்டோம்.

அந்த விலைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 2013 ஏப்ரல் 24ல டாக்கா பக்கம் ராணா பிளாசாங்கற தையல் கம்பெனி கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, சுவத்துல விரிசல் விட்டிருக்குன்னு முந்தின நாளே தெரியும், அப்படியும் வேலைக்கு உள்ள அனுப்புனாங்க, டெலிவரி தேதி இருந்துச்சு. நம்மள மாதிரி தைக்கிறவங்கதான் அவங்களும். அதுக்கு அப்புறம்தான் தீயணைப்பு கருவி, ரெண்டாவது படிக்கட்டு, கரண்ட் ஒயரிங் எல்லாம் ஆடிட்ல இவ்வளவு கறாரா கேக்க ஆரம்பிச்சாங்க. அத தொல்லைன்னு நெனைக்கறவங்க தயவுசெஞ்சு உங்க மாடி ஷெட்டு படிக்கட்டுல அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கீங்களான்னு இன்னிக்கே போய் பாருங்க.

இலங்கைக்கு ஐரோப்பா சலுகை 2010ல போச்சு, போர் காலத்து மனித உரிமை மீறலுக்காக, 2017ல திரும்ப கிடைச்சுது. ஒரு நாட்டோட உள்நாட்டு அரசியல் அங்க தைக்கிற பொண்ணுங்க வேலைல எப்படி போய் முடியுதுன்னு பாருங்க. நோட்டுல எழுத வேண்டிய தேதி 2026 நவம்பர் 24, வங்கதேசம் ரொம்ப ஏழை நாடு பட்டியல்ல இருந்து வெளிய வர்றதா ஐநா குறிச்ச நாள். ஐரோப்பா அதுக்கு அப்புறம் மூணு வருசம் சலுகைய நீட்டுறதா சொல்லியிருக்கு, அதனால ஐரோப்பா ஆர்டர் அன்னிக்கே மாறாது. 2029னு பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு வையுங்க.

கப்பல் விசயத்த சுருக்கமா சொல்லிடறேன். 2023 கடைசில செங்கடல்ல ஏமன் நாட்டு ஹவுதி படைங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சதும் ஐரோப்பா போற கப்பலுங்க சூயஸ விட்டுட்டு ஆப்பிரிக்காவ சுத்தி போச்சு, பத்து பதினாலு நாள் கூட. சரக்கு போய் சேந்தாத்தான் பணம்னு இருக்கற எக்ஸ்போர்ட்டருக்கு ரெண்டு வாரம் பணம் தள்ளிப் போச்சு, அவரு நமக்கு மூணு வாரம் தள்ளுனாரு. சூயஸ், செங்கடல்னு நியூஸ் வந்தா அடுத்த மாசம் சம்பள சனிக்கிழமைக்கு கைல காசு இருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான்.

நம்ம ஊரு என்ன குடுத்துச்சு

இத எழுதாம இந்த கணக்கு முடியாது. 80கள்லயும் 90கள்லயும் ஆர்டர் குவிஞ்சப்ப சாயத் தண்ணி நேரா நொய்யல்ல போச்சு. பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குற குட்டையாச்சு, ஈரோடு கரூர் பக்கம் கிணத்து தண்ணிய மாடு கூட குடிக்கல, தென்னை மட்டை காஞ்சு விழுந்துச்சு. ஐரோப்பால ஒருத்தர் மலிவா டி-சர்ட் வாங்குனாருன்னா மீதி விலைய அந்த விவசாயிங்க கட்டுனாங்க. அவங்க விடாம கோர்ட்டுக்கு போனாங்க, 2011 ஜனவரில மெட்ராஸ் ஹைகோர்ட் அத்தனை சாயப்பட்டறையையும் மூட சொல்லுச்சு. ஊரு ஒரு நாள்ல நின்னுச்சு. துணிய லாரில ஏத்தி வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டு கொண்டு வந்தோம், வேலை இல்லாம எத்தனையோ குடும்பம் சொந்த ஊருக்கே திரும்பிடுச்சு. அப்புறம் சொட்டு கழிவு கூட வெளிய விடாத சுத்திகரிப்பு வந்துச்சு, கிலோ சாயத்துக்கு செலவு ஏறுச்சு, இன்னிக்கு அதே விசயத்த பையர்கிட்ட பெருமையா காட்டி ஆர்டர் வாங்கறோம். அப்பவே அந்த செலவ விலைல சேத்திருந்தா அந்த நெலம் பொழச்சிருக்கும். அதனால காஸ்டிங் ஷீட்ல யாராவது ரொம்ப மலிவா ரேட் குடுத்தா நான் மொதல்ல கேக்கறது, தண்ணி எங்க போகுது, பையன் வயசு என்ன.

ஆளுங்க விசயமும் அரசியல்தான். 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல வடநாட்டு ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு. எங்க யூனிட்ல செக்கிங்ல இருந்த பீகார் பையன் ஒருத்தன், அவங்கம்மா போன்ல அழுதுச்சுன்னு ரெண்டு மணி நேரத்துல பைய கட்டிட்டான். நான் என்ன சொல்லியும் கேக்கல, கேக்கவும் முடியாது, பெத்தவ அழுகறா. ஸ்டேசன் வரைக்கும் வண்டில கொண்டு போய் விட்டேன், வழில ஒரு வார்த்தை பேசல. இருபது நாள் கழிச்சு வந்தான், அதுக்குள்ள ஒரு ஷிப்மென்ட் தள்ளிப் போச்சு. யாரோ லைக்குக்கு போட்ட வீடியோ. அதுக்கு அப்புறம் நான் அவனுங்க வீட்டு நம்பரும் வாங்கி வெச்சிருக்கேன், ஏதாவது நியூஸ் சுத்துனா நானே மொதல்ல வீடியோ கால் போட்டு இவனுங்க சாப்பிடறத காட்டிடறேன். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் எத்தனை பேரு போவாங்க, அவங்க ஊர்ல எலெக்சன் எப்ப, இதுவும் நோட்டுல ஒரு பக்கம் இருக்கு, 2025 நவம்பர்ல பீகார் எலெக்சன் வந்தப்ப அந்த பக்கம்தான் ஒதவுச்சு.

நோட்டு எப்படி எழுதறது

ஒரு பக்கத்துக்கு ஒரு நியூஸ். மேல என்ன நியூஸ், மூணு தேதி. அதுக்கு கீழ நமக்கு எவ்வளவு, எதிர்க்கடைக்கு எவ்வளவு. அதுக்கு கீழ நம்ம லாட்டுல எத்தனை பங்கு இதுல அடிபடும். அதுக்கு கீழ பீஸுக்கு எத்தனை ரூபாய், யாரு தலைல. கடைசி வரி, நான் இந்த வாரம் என்ன பண்ணப் போறேன். அந்த கடைசி வரி எழுத வரலனா அது நமக்கு வேண்டிய நியூஸ் இல்ல, பக்கத்த திருப்பிடுங்க, பத்துக்கு ஏழு அப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை சம்பளம் போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் போதும். வேலை குறையப் போகுதுன்னு தெரிஞ்சா டெய்லருங்ககிட்டயும் அவங்களுக்கு உதவியா இருக்கற கைமடி புள்ளைங்ககிட்டயும் அன்னிக்கே சொல்லிடுங்க, மறைக்காதீங்க. 2025 செப்டம்பர்ல நான் மறைச்சேன், ஒரு அக்கா புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட குழுவுல கடன் எடுத்துருச்சு, முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருக்காது. இப்ப டீ டைம்ல அந்த பக்கத்த படிச்சு காட்டறேன். போன வாரம் அந்த அக்காவே கேட்டுச்சு, "ஏனுங், இந்த லாட்டு எந்த நாட்டுக்குங்க?"